கரண்டு கீரை

முதல் ஆள் தட்டிலிருந்த கீரையைக் கரண்டியால் புரட்டிப் பார்த்தான். இரண்டாவது ஆள் மோந்து பார்த்தான். மூன்றாவது ஆள் போனை எடுத்துப் படம் பிடித்தான். நான்காவது ஆள் வரிசையை விட்டு விலகி பிஸ்கட் மெஷின் பக்கம் போய்விட்டான்.

கேண்டீன் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். பன்னிரண்டு வருஷமாக இந்தக் கம்பெனிக்குச் சமைத்துப் போடுகிறாள். உப்பு கூட என்று முகம் சுளித்திருக்கிறார்கள். உப்பு கம்மி என்று முகம் சுளித்திருக்கிறார்கள். இப்படி யாரும் துப்பறிந்ததில்லை.

"என்ன தம்பி பிரச்சினை? கீரைதானே? பாம்பா?"

முதல் ஆள் டிசைன் பிரிவில் எஞ்சினியர். அவள் தலைக்கு மேல் காலையில்தான் மாட்டிய பச்சைப் போர்டைக் காட்டினான். 'இன்று உங்கள் தட்டில்: நம் சோலார் பேனலுக்கு அடியில் விளைந்த காய்கறிகள்.'

"நிஜமாவே பேனலுக்கு அடியில விளைஞ்சதாக்கா?"

"ஆமா. நம்ம ஃபேக்டரிக்குப் பின்னாடிதான்."

"அப்ப வெயில் படாதே."

"சந்துல படும். பட்டுத்தானே இவ்வளவு பச்சையா இருக்கு."

"வெயில்ல இருக்கற சத்தைப் பேனல் இழுத்துடும்க்கா. மிச்சம் சக்கைதான் கீழ வரும்."

இதைச் சொன்னவன் மாதம் இருபத்தாறு நாள் பேனல் வரைகிறவன். அக்கா பின்னால் நின்ற விற்பனைப் பிரிவு ஆளைப் பார்த்தாள். அவனுக்கு ஆபீஸில் ஸ்பீக்கர் என்று பேர். ஒரு விஷயத்தை அவன் காதில் போட்டால் பத்து நிமிஷத்தில் மூன்று மாடிக்கும் கேட்கும்.

"ஏன் தம்பி, நீதானே விவசாயிங்ககிட்ட போய், மேல கரண்டு, கீழ காய், ரெட்டை வருமானம்னு பேசறே? நீ சொல்லு இவனுக்கு."

ஸ்பீக்கர் தன் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"அது விக்கறதுக்குக்கா. இது திங்கறதுக்கு."

இந்தக் கம்பெனியில் எதையும் அளப்பார்கள். வெயிலை அளப்பார்கள், கண்ணாடியின் கனத்தை அளப்பார்கள், ஊழியர் எத்தனை நிமிஷம் கழிப்பறையில் இருந்தார் என்று அளப்பார்கள். தட்டில் மிஞ்சுவதையும் அளந்தார்கள். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலத் தொட்டி. அதற்கு அடியில் எடை மெஷின். சாப்பிட்டவர்கள் மிச்சத்தை அதில் கொட்டிவிட்டுப் போக வேண்டும். மதியம் இரண்டரைக்கு ஹெச்.ஆர். மேடம் வந்து எண்ணைக் குறித்துக்கொள்வார். நூற்றைம்பது பேர் சாப்பிட்டால் எட்டு, ஒன்பது கிலோ விழும். அக்காவுக்கு அதில் ஒரு கர்வமே உண்டு.

அந்தத் திங்கட்கிழமை மெஷின் முப்பத்தெட்டு காட்டியது.

"அக்கா, உக்காருங்க," என்றார் ஹெச்.ஆர். மேடம். இந்த அம்மாள் உட்காரச் சொன்னால் நல்ல செய்தி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். "வெள்ளிக்கிழமை ஆறு பேர் வராங்க. பெரிய முதலீட்டாளர்கள். பேனலுக்கு அடியில காய் போட்டு கடை கடையா விக்கலாம்னு ஒரு திட்டம். பணம் போடறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரே ஒரு சந்தேகம். ஜனங்க இதைச் சாப்பிடுவாங்களா, மாட்டாங்களா?"

"அதுக்கு?"

"எம்.டி. சொல்லிட்டார். என் ஸ்டாஃப் தினமும் அதைத்தான் சாப்பிடறாங்க, வந்து பாருங்கன்னு."

"தினமும்னா? இன்னிக்குத்தானே ஆரம்பிச்சோம்?"

"அதனாலதான் இன்னிக்கே ஆரம்பிச்சோம்." மேடம் பேனாவை மூடினார். "உங்க கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. பாக்கெட் சாப்பாட்டுக் கம்பெனி ஒண்ணு வாசல்லயே நிக்குது. வெள்ளிக்கிழமை இந்தத் தொட்டி பத்து கிலோவைத் தாண்டலைன்னா உங்களுக்கு இன்னும் மூணு வருஷம். தாண்டினா..."

மேடம் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

அக்காவுக்குச் சமையல்கட்டில் ஆறு பெண்கள், டோக்கன் மேஜையில் ஒரு வீட்டுக்காரர். வீட்டுக்காரர் மின்சாரத் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காது. கேண்டீன் போனால் ஏழு பேரும் வெளியே நிற்க வேண்டும்.

பேனல் காய் இலவசமாகக் கிடைத்தது என்பதுதான் இதில் கொடுமை. ஃபேக்டரிக்குப் பின்னால் வரிசை வரிசையாகப் பேனல்கள். அடியில் புல் மண்டாமல் இருக்கட்டும் என்று யாருக்கோ குத்தகைக்கு விட்டுக் காய் போட வைத்திருந்தார்கள். அதுவரை அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது திடீரென்று அது கம்பெனியின் பெருமை ஆகிவிட்டது. கீரை, தக்காளி, முட்டைக்கோஸ், வெள்ளரிக்காய். தினமும் காலை ஆறு மணிக்கு எட்டுப் பெட்டி.

வழக்கமாகக் காய் போடுகிறவரை அவள் நிறுத்தச் சொல்லியிருந்தாள். அன்று சாயங்காலம் அவர் போன் பண்ணினார்.

"என்னக்கா இது, திடீர்னு வராதேன்னுட்டீங்க? என் காய்ல என்ன குறை?"

"குறையெல்லாம் இல்ல தம்பி. மேலிடத்து உத்தரவு. ஒரு வாரம் பொறு."

"நான் போடற மாதிரி காய் கிடைக்காதுக்கா."

"தெரியும்யா. இன்னிக்கே தெரிஞ்சுடுச்சு."

*

செவ்வாய்க்கிழமை காலையில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பயம் இருந்தால் பயத்தைப் போக்க வேண்டும். அவ்வளவுதானே? பச்சைப் போர்டுக்குக் கீழே இன்னொரு போர்டு மாட்டினாள். அவளே கைப்பட எழுதியது. 'முற்றிலும் பாதுகாப்பானது. இதில் மின்சாரம் இல்லை.'

பன்னிரண்டரைக்கு முதல் ஆள் வந்து படித்தான். திரும்பிப் பின்னால் நின்றவனைப் பார்த்தான்.

"மின்சாரம் இல்லைன்னு எழுதியிருக்காங்க."

"யார் இருக்குன்னு சொன்னது?"

"அதானே. யாரும் சொல்லாம ஏன் எழுதணும்?"

திங்கட்கிழமை வரைக்கும் சத்து இல்லை என்பதுதான் புகார். செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிக்குள் அது ஷாக் அடிக்குமா என்ற கேள்வியாக வளர்ந்துவிட்டது. ஸ்பீக்கர் மேஜை மேஜையாகப் போனான்.

"போன வாரம் மத்த காய்க்கெல்லாம் இப்படி போர்டு வெச்சாங்களா? பாலுக்கு வெச்சாங்களா? முட்டைக்கு வெச்சாங்களா? இதுக்கு மட்டும் ஏன்? யோசிங்கப்பா."

நூற்றைம்பது பேரில் ஒரே ஒரு ஆள் கீரையை முழுசாகச் சாப்பிட்டார். கணக்குப் பிரிவில் இருக்கும் பெரியவர். இலவசமாக வந்தால் அவர் போர்டையும் சாப்பிடுவார். அவர் தட்டை வழித்துவிட்டு எழுந்து போனதைப் பார்த்து அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருத்தர் போதும். ஒருத்தர் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள்.

ஆனால் அவரை விட்டார்களா? இரண்டு மணிக்கு ஒருவன் அவர் மேஜைக்கு வந்தான்.

"சார், எப்படி இருக்கு? விரல் நுனியில ஏதாவது சுள்ளுன்னு?"

"இல்லையேப்பா."

இரண்டரைக்கு இன்னொருவன். "கண்ணு கூசுதா சார்?"

மூன்று மணிக்கு மூன்றாவது ஆள் ஒன்றுமே கேட்கவில்லை. வந்து தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். அது போதாதா? மூன்றே முக்காலுக்குப் பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்த வேகத்தில் உட்கார்ந்தார்.

"கால்ல கரண்டு ஓடுது! இடது கால்! ஐயோ!"

இரண்டு மணி நேரம் காலை மடக்கி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார் என்று நர்ஸ் சொன்னாள். மரத்துப் போய்விட்டதாம். நர்ஸ் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அன்று தொட்டியில் நாற்பத்தாறு. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் புதுப் பெயர் ஒன்று பிறந்தது: கரண்டு கீரை.

*

"உனக்கு ஜனங்களைத் தெரியல," என்றார் வீட்டுக்காரர். "போர்டை எவன் நம்புவான்? கண்ணால பார்த்தா நம்புவான். நாளைக்கு என்கிட்ட விடு."

"என்ன பண்ணப் போறீங்க?"

"முப்பத்தெட்டு வருஷம் கம்பத்துல ஏறினவன் நான். கரண்டு இருக்கா இல்லையான்னு சொல்ல எனக்குத் தெரியாதா?"

மற்ற ஆண்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள். அவர் டெஸ்டர் வைத்திருப்பார். கரண்டில் வைத்தால் உள்ளே சிவப்பாக எரியுமே, அந்த ஸ்க்ரூடிரைவர். கல்யாணத்துக்குக்கூட அதோடுதான் போவார்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில், கூட்டம் முழுசாகச் சேரும்வரை காத்திருந்து, பரிமாறும் கவுண்டர் முன்னால் நாற்காலி போட்டு ஏறி நின்றார்.

"எல்லாரும் இங்க பாருங்க! படிச்சவங்க நீங்க. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. கரண்டு இருந்தா இது எரியும். இல்லைன்னா எரியாது. அவ்வளவுதான் விஷயம். சரியா?"

"சரி!" என்றது கூட்டம். அந்த வாரத்தில் முதல் தடவையாக எல்லோர் முகத்திலும் ஒரு சந்தோஷம். போன்கள் மேலே எழும்பின.

வீட்டுக்காரர் கீழே இறங்கி, மந்திரவாதிபோல ஒரு சுற்றுச் சுற்றி, டெஸ்டரைக் கீரைப் பாத்திரத்துக்குள் விட்டார்.

டெஸ்டர் எரிந்தது.

லேசாக எரிந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. நன்றாக, சிவப்பாக, கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி எரிந்தது.

வீட்டுக்காரர் டெஸ்டரை வெளியே எடுத்து உதறினார். தக்காளி சூப்பில் விட்டார். எரிந்தது. முட்டைக்கோஸில் குத்தினார். அதிலும் எரிந்தது.

"முட்டைக்கோஸ்லயும்டா!" என்று யாரோ கத்தினான்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தீ விபத்துப் பயிற்சி என்று சொல்லலாம். வருஷா வருஷம் மணி அடித்து வெளியே வரச் சொல்லும்போது இருபது நிமிஷம் எடுத்துக்கொள்கிற கூட்டம், அன்று ஒன்றரை நிமிஷத்தில் வாசலுக்கு வெளியே நின்றது.

டிசைன் பிரிவுத் தலைவர் மட்டும் உள்ளே இருந்தார். கவுண்டரிலிருந்து பத்தடி தள்ளி, சுவரில் முதுகு ஒட்டி.

"பயப்படாதீங்க," என்றார். "இது காய்ல இருந்து வரல. சூடு பண்ற கவுண்டர்ல கரண்டு கசியுது. எர்த் விட்டுப் போயிருக்கு. பாத்திரம் ஸ்டீல். எது வெச்சாலும் எரியும். சிம்பிள் விஷயம்."

அக்கா நிமிர்ந்தாள். "அப்படின்னா நீங்க வந்து ஒரு வாய் சாப்பிடுங்க சார். எல்லாரும் பார்க்கட்டும். தனித் தட்டுல போடறேன்."

"எனக்கு இன்னிக்கு வயிறு சரியில்லம்மா," என்று சொல்லிவிட்டு அவரும் சுவரோடு நகர்ந்து போய்விட்டார்.

வீட்டுக்காரர் கவுண்டர் பிளக்கைப் பிடுங்கினார். மறுபடி டெஸ்டரை வைத்தார். எரியவில்லை.

"பாருங்க! பாருங்க! இப்ப எரியல!" என்று காலி பெஞ்சுகளைப் பார்த்துக் கூவினார்.

"கீழ இறங்குங்க," என்றாள் அக்கா.

"நான் நாற்காலி மேல இல்லையே."

"எங்க இருந்தாலும் இறங்குங்க."

அறுபத்தொன்று. ஹெச்.ஆர். மேடம் எண்ணைக் குறிக்கும்போது மெஷின் ரிப்பேரா என்று கேட்டார். இல்லை என்றாள் அக்கா. சாயங்காலத்துக்குள் வீட்டுக்காரர் கவுண்டரைப் பிரித்து எர்த் கொடுத்துவிட்டார். அவர் டெஸ்டர் வைக்காமல் இருந்திருந்தால் ஒருநாள் யாருக்காவது உண்மையிலேயே ஷாக் அடித்திருக்கும். அதற்காக நன்றி சொல்ல அன்று யாரும் தயாராக இல்லை.

*

வியாழக்கிழமை அவள் போர்டுகள் இரண்டையும் கழற்றிவிட்டாள். கீரையைக் கீரையாகப் போட்டால்தானே பிரச்சினை? எல்லாவற்றையும் அரைத்தாள். தக்காளி, முட்டைக்கோஸ், கீரை, வெள்ளரிக்காய், மொத்தமும் ஒரே சூப். எது என்ன என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. நிறம் மட்டும் கொஞ்சம் ராணுவத்தனமாக இருந்தது.

இரண்டரைக்குத் தொட்டியைப் பார்த்தாள். நான்கு கிலோ!

"என்னங்க! நாலு! நாலே நாலு!" அவள் சமையல்கட்டுக்கு ஓடினாள். ஆறு பெண்களும் கை தட்டினார்கள். ஒருத்தி கரண்டியால் பாத்திரத்தை அடித்தாள். "சாப்பிட்டுட்டாங்க! போர்டு இல்லாம போட்டா சாப்பிடறாங்க! ஜெயிச்சுட்டோம்!"

வீட்டுக்காரர் டோக்கன் பெட்டியைக் கவிழ்த்து மேஜையில் கொட்டினார். டோக்கன்கள் விழுந்த சத்தம் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"பதினோரு பேர்," என்றார்.

"என்ன பதினோரு பேர்?"

"சாப்பிட வந்ததே பதினோரு பேர்."

அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வண்டிகள் நிறுத்தும் இடத்தில், படிக்கட்டில், மரத்தடியில், ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மொத்த ஆபீஸும் உட்கார்ந்திருந்தது. ஒரு மேனேஜர் தன் கார் டிக்கியைத் திறந்து அதில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவள் நேராக வெளியே போய் ஸ்பீக்கர் முன்னால் நின்றாள்.

"போர்டுதான் எடுத்துட்டேனே? இன்னும் என்ன?"

"போர்டை எடுத்ததாலதான்க்கா பயமே. இருந்தா எதுல இருக்குன்னு தெரியும். இப்ப எதுல வேணா இருக்கலாம்." அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கையில குறையே இல்ல. போன வாரம் வரைக்கும் போட்டீங்களே ஒரு காய், அது காய்! என்ன ருசி! அதைப் போடுங்க, தட்டை நக்கிட்டுப் போறோம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிசைன் எஞ்சினியர் தலையை ஆட்டினான். "அந்தத் தக்காளியை வெறுமனே கடிச்சுத் தின்னலாம்க்கா. இந்தப் பேனல் தக்காளில ஒரு மாதிரி... கண்ணாடி வாடை அடிக்குது."

கண்ணாடிக்கு வாடை உண்டா என்று அக்கா கேட்கவில்லை. அவள் மனசு வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து காய்கறிக்காரருக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நாளைக்குக் காலையில பழைய மாதிரி காய் வேணும். நூத்தைம்பது பேருக்கு. அதே கீரை, அதே தக்காளி."

"இந்த வாரம் வரத்தே கம்மியா இருக்குக்கா. என் ஆட்கள் கையை விரிக்கறாங்க. நாளைக்கு எப்படின்னு தெரியல. கிடைச்சா ஏழரைக்கு உங்க பின்வாசல்ல இருப்பேன்."

"கிடைச்சான்னு சொல்லாதே. கிடைக்கணும்."

வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே நின்றார். "போர்டுல பேனல் காய்னு போட்டுட்டு வேற காய் போடப் போறியா?"

"ஆமா."

"அது பொய்யில்லையா?"

"நீங்க நேத்து நிஜத்தை நிரூபிச்சீங்களே, என்ன ஆச்சு?"

அவர் டெஸ்டரைப் பையில் இன்னும் ஆழமாகச் சொருகிக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தோட்டத்து வேன் வந்தது. அக்கா கேட்டிலேயே மறித்தாள்.

"இன்னிக்கு வேண்டாம்பா. திருப்பி எடுத்துட்டுப் போ."

"எட்டுப் பெட்டிக்கா. எங்க கொண்டு போறது?"

"எங்கயாவது. ஃப்ரிட்ஜ்ல இடம் இல்ல. இதை மட்டும் மேல யார்கிட்டயும் சொல்லிடாதே."

வேன் திரும்பிப் போனது. இப்போது கையில் ஒரு இலைகூட இல்லை. ஆறு பெண்களும் கழுவி வைத்த கத்தியோடு காலி மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழாயிற்று. ஏழரை ஆயிற்று. அக்கா பின்வாசலுக்கும் கேட்டுக்குமாக நடந்தாள். போன் போட்டால் எடுக்கவில்லை. ஏழே முக்காலுக்கு வீட்டுக்காரர் சொன்னார், "அந்த வேனைத் திரும்பக் கூப்பிடலாமா?"

"வாயைத் திறந்தீங்கன்னா உங்களை அரைச்சு சூப் வெச்சுடுவேன்."

எட்டு மணிக்கு மூன்று சக்கர வண்டியின் சத்தம் கேட்டது. காய்கறிக்காரர் வியர்த்து வழிய இறங்கினார். சாக்குச் சாக்காக உள்ளே தூக்கிப் போட்டார். அக்கா ஒரு தக்காளியை எடுத்துக் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதுதான்யா! இதுதான்! எங்கயிருந்துதான் பிடிக்கிறியோ!"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, வேறு லோடு இருக்கிறது என்று போய்விட்டார்.

அடுத்த வேலை ஒன்று பாக்கி இருந்தது. பச்சைப் போர்டை மறுபடி மாட்டிவிட்டு, ஒன்பதரைக்கு அக்கா ஸ்பீக்கரைத் தனியாகக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, உன்னை நம்பி ஒண்ணு சொல்றேன். இன்னிக்குப் பேனல் காய் இல்ல. நீங்க கேட்டீங்களே, அந்தப் பழைய காய்தான். போர்டு சும்மா, வர்றவங்களுக்காக. யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் ஏன்க்கா சொல்லப் போறேன்?" என்று நெஞ்சில் கை வைத்தான் ஸ்பீக்கர்.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதே முக்காலுக்கு மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெண் வந்து, "அக்கா, கீரை கூடப் போடுங்க," என்று கண்ணடித்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டரைக்கு எம்.டி. ஆறு விருந்தாளிகளோடு உள்ளே வந்தபோது கேண்டீனில் உட்கார இடம் இல்லை. வரிசை வாசலைத் தாண்டி லிஃப்ட் வரை நின்றது. காரில் உட்கார்ந்து சாப்பிட்ட மேனேஜர் முதல் ஆளாக நின்றார். கணக்குப் பிரிவுப் பெரியவர் இரண்டு தட்டு வைத்திருந்தார்.

விருந்தாளிகளுக்குத் தலைமை வெள்ளை முடி வைத்த ஒரு அம்மாள். எல்லாவற்றையும் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டு வந்தவர், டிசைன் எஞ்சினியரின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்.

"பேனலுக்கு அடியில விளைஞ்சது. உங்களுக்குத் தயக்கமே இல்லையா?"

"தயக்கமா மேடம்?" அவன் வாய் நிறையக் கீரை. "நிழல்ல வளர்றதால இலை வாடறதே இல்ல. அதான் இவ்வளவு பிஞ்சா இருக்கு. கண்ணைக் கட்டிட்டுக் குடுங்க, இது பேனல் கீரைன்னு நான் சொல்லிடுவேன்!"

"மத்த கீரையை இப்பெல்லாம் வாயில வைக்கவே முடியல," என்றான் ஸ்பீக்கர். "என் வீட்லயே இதைத்தான் கேட்கறாங்க."

டிசைன் பிரிவுத் தலைவர் வயிற்றைத் தடவிக்கொண்டு மூன்றாவது கிண்ணம் சூப்புக்கு வந்தார். யாரோ சம்பந்தமே இல்லாமல் கை தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். ஒரு பொய்யை நூற்றைம்பது பேர் சேர்ந்து சொல்லும்போது வருகிற உற்சாகம் தனி. வெள்ளை முடி அம்மாள் தானும் ஒரு வாய் சாப்பிட்டார். புருவம் உயர்ந்தது. தட்டை முழுசாக முடித்தார்.

போகிற போக்கில் டிசைன் எஞ்சினியர் அக்காவின் காதில் சொன்னான்: "அந்த எழவு பேனல் காய் எங்க, இது எங்கக்கா! மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!"

இரண்டரைக்கு எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். ஹெச்.ஆர். மேடம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒண்ணே முக்கால் கிலோ!"

சமையல்கட்டுப் பெண்கள் கத்திய கத்தலில் மேலே மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி அக்காவைத் தூக்கியே விட்டாள். மூன்று வருஷக் கான்ட்ராக்ட் அங்கேயே, அந்தத் தொட்டி மூடிமேல் வைத்துக் கையெழுத்தானது. எம்.டி. மேஜைமேல் ஏறாத குறை.

"இன்னிலேர்ந்து மூணு வருஷம், ஒரு நாள் விடாம, இந்த கேண்டீன்ல நம்ம பேனல் காய் மட்டும்தான்! வெளியிலிருந்து ஒரு மிளகாய்கூட உள்ள வரக்கூடாது! மாசத்துக்கு ஒரு தடவை இவங்க வந்து பார்ப்பாங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் பின்வாசல் பக்கம் போனது.

நான்கு மணிக்குப் பின்வாசலில், கவிழ்த்து வைத்த அண்டாமேல் உட்கார்ந்திருந்தாள். கையில் கான்ட்ராக்ட். பக்கத்தில் வீட்டுக்காரர்.

"மூணு வருஷம்," என்றார் அவர். "தினம் ஒரு பொய். ஞாயிறு லீவு."

"பேனல் காயைப் போட்டா ஒருத்தனும் சாப்பிட மாட்டான். பேனல் காயைப் போடலைன்னு தெரிஞ்சா எம்.டி. கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுவார். நான் என்னதாங்க பண்றது?"

காலிச் சாக்குகளை எடுத்துப் போகக் காய்கறிக்காரர் வந்தார். அவள் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நீதான்யா என்னைக் காப்பாத்தணும். நீ எங்க வாங்கறேன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். மூணு வருஷத்துக்கு, கேட்டு திறக்கறதுக்கு முன்னாடி, இதே காய் இந்தப் பின்வாசலுக்கு வந்துடணும். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. அந்தப் பேனல் காய் தப்பித்தவறி ஒண்ணு கலந்து வந்தாலும் எல்லாரும் நாக்குலயே கண்டுபிடிச்சுடுவாங்க. நான் தொலைஞ்சேன்."

காய்கறிக்காரர் சாக்குகளைக் கீழே வைத்தார். அவளைப் பார்த்தார். அவள் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"சொன்னா கோவப்படாதீங்கக்கா. வெளிய சொன்னா எவனும் வாங்க மாட்டான்னுதான் ரெண்டு வருஷமா நானும் மூச்சு விடல. நான் உங்களுக்குப் போட்டதெல்லாம் உங்க கம்பெனிப் பேனலுக்கு அடியில விளைஞ்சதுதான். இன்னிக்கு சாக்குல கொட்டி எடுத்துட்டு வந்தேனே, அது காலையில நீங்க கேட்டுல திருப்பி அனுப்பின அதே எட்டுப் பெட்டி."